சுடுகாடு பொது இடமா? 1948 நவம்பர் 29ஆம் நாள் நடவடிக்கைகள்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1948 நவம்பர் 29, திங்கட்கிழமை. தில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடிய நாள். நம்ம கூட்டங்களில் எல்லாம் 17ஆவது பிரிவு, 17ஆவது பிரிவு என்று சொல்கிறோமே, தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்கிற வாசகம், அது சபையில் ஏற்கப்பட்டது அன்றைக்குத்தான். அப்போது அதற்கு எண் 17 இல்லை, 11.

நான் வங்கியில் எழுத்தர். சாயந்திரம் கணக்கு முடிக்கும்போது அன்றைய வவுச்சர்களை ஒன்றுவிடாமல் அடுக்கிப் பார்ப்பது என் பிழைப்பு. ஒரு வவுச்சர் குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் சபை நடவடிக்கைகளின் ஏழாவது தொகுதியை எடுத்து, அந்த ஒரு நாளை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பெரும்பாலும் எல்லோரும் 17ஆவது பிரிவு வருகிற சில பக்கங்களை மட்டும் படிக்கிறார்கள், மேடையில் அதையே எடுத்துச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் அன்றைக்கு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், முன்னால் ஓடியதுதான் நமக்கு அதிகம் வேண்டியது.

சபையைப் பற்றி இரண்டு வார்த்தை. அது நாம் ஓட்டுப் போட்டு உண்டான சபை அல்ல. 1946இல் மாகாணச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அந்தச் சட்டசபைகளுக்கே சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. சேரி அங்கே எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அம்பேத்கருக்குப் பம்பாயில் வழியில்லாமல் போய், ஜோகேந்திரநாத் மண்டல் முயற்சியில் வங்காளத்திலிருந்து உள்ளே போனார். நாடு பிரிந்ததும் அந்த இடமும் போயிற்று. பிறகு 1947 ஜூலையில் காங்கிரசே அவரைப் பம்பாயிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. அதே சபைதான் அன்றைக்கு நாட்டின் நாடாளுமன்ற வேலையையும் பார்த்தது. நவம்பர் 29 அன்று தலைமை நாற்காலியில் இருந்தவர் துணைத்தலைவர் ஹரேந்திர குமார் முகர்ஜி. வங்காளக் கிறித்துவர், ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

அன்றைக்கு 11ஆவது பிரிவுக்கு முன்னால் விவாதத்தில் இருந்தது 9ஆவது பிரிவு. இன்றைய எண்ணில் 15. மதம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்பது முதல் பகுதி. இரண்டாவது பகுதிதான் நம்முடையது. கடை, உணவு விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம், சாலை, மக்கள் வந்துபோகும் பொது இடங்கள், இவற்றில் எந்தக் குடிமகனையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது. படித்தால் ஒரு ஊரின் வரைபடம் மாதிரி இருக்கும். ஊர்த்தெருவில் நாம் எங்கெங்கே நிறுத்தப்படுகிறோமோ அந்த இடங்களை வரிசையாக எழுதி வைத்த மாதிரி.

திருத்தங்கள், பதில் திருத்தங்கள் என்று நீண்டுகொண்டே போகிறது விவாதம். சில உறுப்பினர்கள் எழுந்து சொல்லுக்குப் பொருள் கேட்கிறார்கள். கடை என்றால் என்ன? அம்பேத்கர் சொன்ன பதிலின் சாரம் இது: கடை என்பதை இங்கே குறுகிய பொருளில் வைக்கவில்லை. காசு கொடுத்து வருகிறவருக்குத் தன் உழைப்பை, சேவையைத் தர யார் தயாராக உட்கார்ந்திருக்கிறாரோ அவருடைய இடமெல்லாம் கடை. வாசலுக்குள் விடுவது மட்டும் பேச்சில்லை, சேவையைக் கேட்டுப் பெறுகிற உரிமையும் சேர்ந்ததுதான்.

இதைப் படித்தபோது எனக்கு முடிவெட்டுகிற கடைதான் ஞாபகம் வந்தது. எங்கப்பா எங்க ஊரில் ஒரு நாளும் முகம் வழித்துக்கொண்டதில்லை. எட்டு மைல் சைக்கிள் மிதித்துத் தாலுகா டவுனுக்குப் போவார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது, அதுதான் அந்தக் கடையின் வசதி. இதில் ஒன்றை மறைக்கக்கூடாது. ஊரில் கத்தி பிடித்திருந்தவரும் ஆதிக்கச் சாதிக்காரர் இல்லை. சேரிக்காரனுக்கு வெட்டினால் ஊருக்கு வெட்ட முடியாது என்று அவரை மிரட்டி வைத்திருந்தார்கள். அவர் பிழைப்பு நிலக்காரன் கையில். அதனால் சட்டத்தில் 'கடைக்காரர்' என்று வந்தாலும், வழக்கில் மாட்டுகிறவர் ஒரு ஏழை நாவிதராகவும், மிரட்டியவன் சாட்சி சொல்ல வருகிற பெரிய மனிதனாகவும் ஆகிவிடுகிற ஆபத்து உண்டு. நம்ம தோழர்கள் புகார் எழுதும்போது கத்தி பிடித்தவர் பெயரோடு நிறுத்தாமல், மிரட்டியவன் பெயரை முதலில் எழுத வேண்டும்.

குளம் என்று போட்டிருக்கிறதே, குட்டை அதில் சேருமா என்று ஒரு கேள்வி. குட்டையைவிடக் குளம் பெரியது, ஆகவே குளத்துக்குள் குட்டை அடங்கும் என்று பதில். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் 1927இல் மகாட் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்து, அதற்காக அடிவாங்கிய கூட்டத்தின் தலைவர்தான் இந்தப் பதிலைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டால் சிரிப்பு நின்றுவிடும்.

அப்புறம் நாகப்பா. சென்னை மாகாணத்திலிருந்து போன தலித் உறுப்பினர். அவர் கிளப்பிய கேள்வி: மக்கள் வந்துபோகும் பொது இடம் என்பதில் சுடுகாடு, இடுகாடு சேருமா?

அம்பேத்கர் முதலில் லேசாக எடுத்துக்கொள்கிறார். செத்த பிறகு நமக்கு என்ன ஆகிறது என்று யார் கவலைப்படப் போகிறார்கள், அதனால் இதில் அதிகம் பேருக்கு அக்கறை இருக்காது என்று நினைத்தேன் என்கிறார். பிறகு, நண்பர் நாகப்பா கேட்டதற்காகச் சொல்கிறேன், சந்தேகமே வேண்டாம், அது பொது இடம்தான் என்கிறார். கூடவே ஒரு நிபந்தனை. முழுதாகவோ பகுதியாகவோ பொதுப்பணத்தில் பராமரிக்கப்படுகிற இடமாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு நாகப்பாதான் பெரிய ஆளாகத் தெரிகிறார். இப்படிச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். பாபாசாகேப் பம்பாயில், கொலம்பியாவில், லண்டனில் படித்த மேதை. தெற்கத்திய கிராமத்தில் பிணம் எந்த வழியாகப் போகிறது என்பது நாகப்பாவுக்குத்தான் தெரிந்திருக்கிறது. பறையடிக்க, குழி வெட்ட, வெட்டியான் வேலை பார்க்க நம்ம ஆள் வேண்டும். நம்ம பிணம் மட்டும் அந்த வழியில் போகக்கூடாது. உயிரோடு இருக்கிறவன் சுற்றிக்கொண்டு போய்விடுவான், ஏரிக்கரை மேலே ஏறிப் போய்விடுவான். பாடையைத் தூக்கிக்கொண்டு எப்படிச் சுற்றுவது?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் நாராயணபுரத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாடையைக் கீழே இறக்கினார்கள். மயானத்துக்குப் போகிற வழி ஆதிக்கச் சாதியினரின் பட்டா நிலத்துக்குள் இருந்தது, அடைத்திருந்தார்கள். படம் வெளியே வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. இப்போது 1948ஆம் வருடத்துப் பதிலை மறுபடி பாருங்க. பொதுப்பணத்தில் பராமரிக்கிற இடம் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சாதி இந்த நிபந்தனையைச் சரியாகப் படித்துவிட்டது. சுடுகாடு பொது என்று ஒத்துக்கொள்வான். அதுக்குப் போற வழி என் பட்டா என்பான். இல்லாவிட்டால் இது எங்க வகையறா சுடுகாடு, பஞ்சாயத்துக் காசு இதில் இல்லை என்பான். சாதி தன்னைச் சொத்தாக மாற்றி எழுதிக்கொள்கிறது. 9ஆவது பிரிவு கையெட்டாத இடம் அது. நிலம் பற்றிப் பேசாமல் தீண்டாமை பற்றிப் பேசுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அதே பதிலில் இன்னொன்றும் வருகிறது. பொருளாதாரப் பேராசிரியர் கே.டி. ஷா ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிற வாசகத்தோடு பட்டியல் சாதியினரையும் பழங்குடிகளையும் சேர்க்க வேண்டும் என்பது திருத்தம். கேட்டால் நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். அம்பேத்கர் மறுத்துவிட்டார். இதனால் எதிர்விளைவுதான் வரும் என்றார். ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு பொதுப்பள்ளி இருக்கும்போது பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குத் தனியாக ஒரு பள்ளி கட்டிவிட்டு, 'உங்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்துவிட்டோம்' என்று அரசாங்கம் இந்த வாசகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பது அவர் பயம்.

இட ஒதுக்கீட்டை அவர் வேண்டாம் என்று சொன்னதாக யாராவது இதைத் திரித்தால் நம்பாதீர்கள். வேலைவாய்ப்பில் ஒதுக்கீடு அடுத்தடுத்த பிரிவில் தனியாக வருகிறது. கல்வியில் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் அடித்தபோது, சென்னை மாகாணத்தில் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு முதல் சட்டத் திருத்தம் வந்தது, 15(4) சேர்ந்தது. அப்போது சட்ட அமைச்சர் அம்பேத்கர்தான். ஷா கேட்டதற்குக் கிட்டத்தட்ட ஒத்ததுதான் அந்த 15(4). இரண்டரை வருடத்தில் நிலைமை மாறியது, அவரும் அதற்குத் தக்க மாதிரி எழுதினார். ஆனால் அந்தப் பயம் பொய்யாகவில்லை. தனிக் காலனி, தனித் தொட்டி, தனிச் சுடுகாடு, எல்லாம் அரசாங்கச் செலவில். கேட்டால் நலத்திட்டம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தண்ணீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்ததே, அது தலித் குடியிருப்புக்கு மட்டும் தண்ணீர் போகிற தொட்டி. ஊருக்கே ஒரு தொட்டியாக இருந்திருந்தால் எவனும் அதில் கை வைத்திருக்க மாட்டான். அந்த விசாரணை பற்றி நிறையப் பேசவேண்டும், அது இன்றைக்கு இல்லை.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது நம்ம பக்கமே இரண்டு கருத்து வந்தது. பொதுப்பள்ளி நம்மைச் சேர்க்காத காலத்தில் உண்டான பள்ளிகள் அவை, அதில் படித்துத்தான் நம்மில் பலர் மேலே வந்தோம், பறித்துவிடாதே என்றார்கள் சிலர். தனியாக வைத்திருப்பதே தீண்டாமை என்றார்கள் சிலர். இரண்டு தரப்பும் அம்பேத்கர் பெயரைத்தான் சொன்னார்கள். நவம்பர் 29ஆம் தேதியை யாரும் சொல்லவில்லை.

சரி, 11ஆவது பிரிவு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்த கதை.

நசிருத்தீன் அகமது ஒரு திருத்தம் கொடுக்கிறார். சளைக்காமல் திருத்தம் கொடுக்கிற மனிதர். வரைவுக் குழுவை 'மிதக்கும் குழு' என்று கேலி செய்தவர். தீண்டாமை என்கிற சொல் தெளிவில்லாமல் இருக்கிறது, மதத்தாலோ சாதியாலோ யாரையும் தீண்டத்தகாதவராக நடத்தக்கூடாது என்று எழுதுங்கள் என்கிறார். கே.டி. ஷாவும் சொல்லுக்கு விளக்கம் கேட்கிறார். சில நாட்களில் பெண்களைத் தீண்டாமல் வைக்கிறார்களே, சாவு வீட்டில் தீட்டு என்கிறார்களே, அதெல்லாம் இதில் வருமா, வக்கீல்களுக்குக் கொண்டாட்டமாகிவிடுமே என்பது அவர் கவலை.

தலித் உறுப்பினர்கள் எழுந்து ஆதரித்துப் பேசுகிறார்கள். நம்ம மாகாணத்து வி.ஐ. முனுசாமிப் பிள்ளை, 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் இருந்தவர். அரிசன் என்றுதான் சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக இவர்களை எல்லாம் தள்ளிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நிலக்காரர்களும் ஜமீன்தார்களும் செய்த கொடுமை என்று அந்தச் சபைக்குள் நின்று சொன்னவரும் அவரேதான். வங்காளத்து மனமோகன் தாஸ், பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே உட்காரவைக்கப்பட்ட ஒருவர் கையில் நாட்டின் சாசனம் எழுதுகிற வேலை வந்ததைச் சொல்கிறார். ஒரிசாவின் சாந்தனு குமார் தாஸ் பேச்சு எனக்குப் பிடித்தது. சட்டசபையில் கை தூக்கிவிட்டு ஊருக்குப் போய் அதையே மீறுகிறவர்களைப் பற்றி அந்த ஆட்களுக்கு முன்னாலேயே பேசுகிறார்.

தாட்சாயணி வேலாயுதன். சபையில் இருந்த ஒரே தலித் பெண். கொச்சிக்குப் பக்கத்தில் முளவுகாடு தீவு, புலையர் சமூகம். அவர் பிறந்த 1912க்கு அடுத்த வருடம் அந்த மக்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். போட நிலத்தில் இடம் இல்லை. கொச்சிக் காயலில் படகுகளைச் சேர்த்துக் கட்டி, தண்ணீர் மேல் நடத்தினார்கள். பொது இடம் என்றால் என்ன என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்தியவாதி, அம்பேத்கரோடு பல விஷயங்களில் உடன்படாதவர். ஆனாலும், வரைவுக் குழுவின் தலைவரே தீண்டப்படாத சமூகத்தவராக இருக்கும்போது இப்படி ஒரு பிரிவு இல்லாத சாசனத்தை எதிர்பார்க்க முடியாது என்று அன்றைக்குச் சொன்னார். சட்டம் எப்படி நடக்கும் என்பது மக்கள் நடந்துகொள்கிற விதத்தைப் பொறுத்தது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

முடிவில் அம்பேத்கர் எழுந்து, நசிருத்தீன் அகமதுவின் திருத்தத்தை ஏற்க முடியாது என்கிறார். அவ்வளவுதான். ஷாவின் யோசனைக்குப் பதில் சொல்கிறீர்களா என்று துணைத்தலைவர் கேட்கிறார். 'இல்லை' என்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை குறிப்பில் இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் குட்டைக்கும் குளத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன அதே மனிதர்.

ஏன் பதில் சொல்லவில்லை? அவர் மனதை நான் படித்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு தெரிகிறது. அந்தச் சொல் விளக்கம் இல்லாமல், மேற்கோள் குறிக்குள், சாசனத்தில் போய் உட்கார்ந்தது. கவிதை எழுதுகிறவனுக்கு அந்த மேற்கோள் குறி மேல் ஒரு கண் இருக்கும். 1947 ஏப்ரல் 29 அன்று இதே வாசகம் முதல் தடவை வந்தபோதே கே.எம். முன்ஷி, அந்தக் குறி வேண்டுமென்றேதான் போடப்பட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதே நாளில்தான் வங்காளத்து நாமசூத்திரத் தலைவர் பிரமத ரஞ்சன் தாகூர், சாதியை ஒழிக்காமல் தீண்டாமையை எப்படி ஒழிப்பீர்கள், இது நோயின் அறிகுறிதானே என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றும் பதில் இல்லை, அடுத்த வருடமும் இல்லை.

1950களின் கடைசியில் மைசூர் உயர் நீதிமன்றம், சமணர்களுக்குள் நடந்த ஒரு சமூக விலக்கு வழக்கில், அந்த மேற்கோள் குறியைக் காட்டியே, இது அகராதிப் பொருளில் வருகிற சொல் அல்ல, இந்த நாட்டில் வரலாற்றில் வளர்ந்த ஒரு வழக்கத்தைக் குறிப்பது என்று சொன்னது. 2018இல் சபரிமலை வழக்கில் நீதிபதி சந்திரசூட் இதே நவம்பர் 29ஐ எடுத்துப் பேசினார். மாதவிடாய் சொல்லிப் பெண்களை விலக்குவதும் தீண்டாமையின் ஒரு வடிவம் என்றார். அதே அமர்வில் இந்து மல்கோத்ரா, 17ஆவது பிரிவு சாதித் தீண்டாமை பற்றியது, இதற்குப் பொருந்தாது என்று மாறுபட்டார். 2019இல் கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. எழுபது வருடம் கழித்து கே.டி. ஷாவின் கேள்வி அதே வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது, பாருங்க. இப்படி எல்லாவற்றுக்கும் விரித்தால் நம்ம வலி நீர்த்துப்போகும் என்கிற தோழர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீட்டு என்பது ஒரே தொழிற்சாலையில் உண்டாகிற சரக்கு. வாங்கிக் கட்டுகிறவர்கள்தான் வேறு வேறு.

வாசகம் ஏற்கப்பட்டபோது சபையில் 'மகாத்மா காந்திக்கு ஜே' என்று முழக்கம் எழுந்தது. குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. வேறு பெயர் எதுவும் இல்லை. காந்தி சுடப்பட்டுப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது, அந்தத் துக்கத்தை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். ஆனால் எழுதியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இதை வைத்து நம்ம ஆட்கள் நிறையப் பேசியாகிவிட்டது, நியாயமான கோபம்தான். என் வருத்தம் வேறு இடத்தில். முழக்கம் எழுந்த பக்கத்தில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். யாரும் ஜே போடாத பக்கங்கள் அதற்கு முன்னால் இருக்கின்றன. கடை, குட்டை, சுடுகாடு, தனிப்பள்ளி. ஊருக்குப் போனால் நமக்குச் சண்டை வருகிற இடங்கள் அவை.

நாகப்பாவின் கேள்வி வீண் போகவில்லை. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின் 4ஆவது பிரிவில், ஆறு, ஓடை, கிணறு, குளம், தண்ணீர்க் குழாய், படித்துறை என்கிற வரிசையில் இடுகாடு, சுடுகாடு என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. சாலை, வழி என்றும் இருக்கிறது. 1976 திருத்தத்துக்குப் பிறகு அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். போலீஸ் ஸ்டேஷனில் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னால் ஏட்டையா முழிக்கிறார் என்பது வேறு விஷயம். நாம் முழிக்கக்கூடாது.

கணக்கு எழுதுகிறவனாக ஒரு வேலை சொல்கிறேன். பொதுப்பணம் என்பதுதானே நிபந்தனை? உங்க ஊர்ச் சுடுகாட்டுக்கும் அதன் பாதைக்கும் எந்த வருடம், எந்தத் திட்டத்தில், எவ்வளவு செலவு எழுதியிருக்கிறார்கள் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு லோடு கிராவல் அடித்திருந்தாலும், ஒரு எரிமேடைக் கொட்டகை போட்டிருந்தாலும், ஒரு குழல்விளக்கு மாட்டியிருந்தாலும் அது பதிவேட்டில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தப் பாதை புறம்போக்கா, பட்டாவா, எப்போது மாறியது என்று கேளுங்கள். வாயால் கேட்டால் விரட்டுவார்கள். 2005ஆம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கட்டி, எழுதிக் கேளுங்கள். மனு ஒன்று மாதிரிக்கு எழுதி நாற்பது நகல் எடுத்து வந்திருக்கிறேன். ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் எழுதுகிற இடம் காலியாக விட்டிருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண் தெரியாதவர்கள் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், எப்படித் தேடுவது என்று உட்கார்ந்து பார்ப்போம்.